மொகுபேக்கு எந்தக் கால் நொண்டி?

அன்று காலையிலிருந்தே கிகுயேவுக்கு எரிச்சல்தான். ஜூன் மழை பிடித்துக்கொண்டு நான்கு நாளாகிவிட்டது. ஸ்டுடியோவின் பழைய மரக்கட்டடத்தில் ஒவ்வொரு கதவும் உப்பிப்போய், தோளால் முட்டினால்தான் திறக்கிறது. அது போதாதென்று, கதை சொல்ல வந்து உட்கார்ந்த புது டைரக்டர் குரஹாஷி, முன்னால் வைத்த டீயைக்கூடத் தொடாமல் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான்.

"மொகுபே செத்துட்டார்."

"எப்ப?" என்றாள் கிகுயே.

"இருபத்தேழு வருஷத்துக்கு முன்னாடியே. நாமதான் கவனிக்கல."

கிகுயேவுக்கு அறுபத்து நான்கு வயது. அதில் நாற்பத்திரண்டு வருஷம் இந்த மொகுபேயோடு போயிற்று. கட்டிய புருஷனோடு வாழ்ந்தது ஒன்பது வருஷம்தான். அவன் போகும்போது, "உனக்கு அந்த நொண்டி வைத்தியன்தான் லாயக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். அப்போதும் அவள், "மொகுபே நொண்டினாலும் சொன்ன நேரத்துக்கு வருவாரு" என்றுதான் பதில் சொன்னாள்.

மொகுபே என்பவர் எதோ நகரத்தின், அதாவது பழைய டோக்கியோவின், பின் சந்தில் குடியிருக்கும் கட்டு வைத்தியர். சாமுராய் காலத்து ஆள், ஆனால் கையில் கத்தி கிடையாது. சின்ன வயதில் இடது முட்டி உடைந்து, அரைகுறை வைத்தியன் ஒருவன் அதைக் கோணலாக வைத்துக் கட்டிவிட்டதால் நொண்டி. அந்த ஆத்திரத்தில்தான் தானே வைத்தியம் கற்றுக்கொண்டார். உடைந்த எலும்பைத் தடவிப் பார்த்தே, விழுந்து உடைந்ததா, அடித்து உடைத்ததா என்று சொல்லிவிடுவார். முதலில் இரண்டு சினிமா. பிறகு 1971 முதல் வாராவாரம் டிவியில். அது நின்ற பிறகு வருஷத்துக்கு ஒரு ஸ்பெஷல். மொத்தத்தில் மூன்று நடிகர்கள் மொகுபேயாக நொண்டியாயிற்று.

கிகுயேவின் வேலை கன்டினியூட்டி. கழுத்தில் ஸ்டாப்வாட்ச், கையில் பென்சில். போன ஷாட்டில் கோப்பையில் எவ்வளவு டீ இருந்தது, எந்தக் கை எந்தக் கன்னத்தில் இருந்தது என்று குறித்து வைப்பது. அதற்குத்தான் சம்பளம். ஆனால் சேர்ந்த இரண்டாம் மாதமே அவளுக்குப் புரிந்துபோயிற்று, இந்த ஊரில் மொகுபேயை ஒரே மனிதனாக வைத்திருக்க ஒருவருக்கும் அக்கறை இல்லை என்று. எழுதுகிறவர்கள் மாறுகிறார்கள், ஆளாளுக்கு இஷ்டப்பட்டதை எழுதுகிறார்கள். செத்துப்போன மாமனார் புத்தாண்டு ஸ்பெஷலில் வந்து சம்மணம் போட்டுக்கொண்டு மோச்சி அரிசிக் கொழுக்கட்டை தின்கிறார். ஐந்நூறு எபிசோடு அனாதையாக இருந்த மனிதருக்குத் திடீரென்று ஒரு தம்பி முளைக்கிறான். கிகுயே அந்தத் தம்பியை வைத்தியம் படிக்க நாகசாகிக்கு அனுப்பிவைத்தாள். முப்பது வருஷமாக அவன் அங்கேதான் படித்துக்கொண்டிருக்கிறான்.

அப்படி ஆரம்பித்ததுதான் மொகுபே நோட்டு. முப்பத்தொரு நோட்டு இருக்கிறது இப்போது. மொகுபே விலாங்கு மீன் தின்ன மாட்டார், பெண்டாட்டி செத்த நாளில் அவர் விலாங்குக் கடையில் உட்கார்ந்திருந்ததால். படி ஏறும்போது முதலில் வலது கால். கோபம் வந்தால் குரல் தாழும். எல்லாம் நோட்டில் இருக்கும். எந்தப் பெரிய டைரக்டரும், "கிகுயே, இது ஆகுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கேமராவைத் திருப்புவார். மொகுபேக்கு ஐம்பது வருஷமாக வயது நாற்பத்தாறு என்பதைப் பற்றி மட்டும் அவள் கவலைப்படவே இல்லை. வயது ஏறாததைப் பார்க்கிற ஜனங்கள் கண்டுகொள்வதில்லை. முகம் மாறினால் மூன்று வாரம் முணுமுணுத்துவிட்டு விட்டுவிடுவார்கள். விலாங்கு தின்றால்தான் விட மாட்டார்கள்.

இந்த லட்சணத்தில்தான் முப்பத்து நான்கு வயதுப் பையன் ஒருவன் வந்து மொகுபே செத்துவிட்டார் என்கிறான்.

"இதப் பாருங்க" என்று குரஹாஷி போனை நீட்டினான். பக்கத்தில் இருந்த தயாரிப்பாளர் ஷிமபராவும் எட்டிப் பார்த்தாள்.

கிகுயே பார்க்கவே வேண்டியதில்லை. நாணல் புதர், ஆற்றங்கரை, நடந்து போகிற மொகுபே. 1992-இல் வந்த எபிசோடின் கடைசி ஷாட்.

"கிமோனோவோட மடிப்பைப் பாருங்க. வலது மேல, இடது கீழ. உயிரோட இருக்கற மனுஷன் அப்படி உடுத்துவானா? பிணத்துக்குத்தானே அப்படி உடுத்துவோம்! கால் பாருங்க, அதுவரைக்கும் இடது நொண்டி, இந்த ஷாட்லேருந்து வலது நொண்டி. அடுத்த எபிசோடுல முகமே வேற. இதெல்லாம் தற்செயலா? இன்டர்நெட்ல பத்து வருஷமா இதையே பேசிட்டிருக்காங்க. மொகுபே அன்னிக்கே செத்துட்டார், அதுக்கப்புறம் வர்றது அவரோட ஆவி. அதான் வயசு ஏறல. நம்ம கடைசி ஸ்பெஷல்ல அதைச் சொல்லி முடிச்சிடறோம்." அவனுக்கு மூச்சு வாங்கியது. "நீங்கதான் சந்தோஷப்படணும், கிகுயே சான். ஐம்பது வருஷத்து ஓட்டை அத்தனையும் ஒரே தட்டுல அடைஞ்சுபோச்சு."

"ஓட்டையை அடைக்க ஆளையே கொல்லணுமா?"

"கொல்லல. ஏற்கெனவே செத்துட்டார்."

"உராபே சானுக்கும் பிடிச்சிருக்கு. அழுகைக் காட்சி இருக்கில்ல, விருது கிடைக்கும்னு சொல்லியிருக்கேன்" என்றாள் ஷிமபரா. உராபேதான் இப்போதைய மொகுபே. "நாளைக் காலையில முடிவு பண்ணிடலாம். எதிர்ப்பு இருந்தா நோட்டோட வாங்க."

நோட்டோடுதான் வர வேண்டும். சிக்கலும் அதில்தான்.

அந்த ஷாட்டில் ஆவியும் இல்லை, அமானுஷ்யமும் இல்லை. அப்போது மொகுபேயாக நடித்துக்கொண்டிருந்தவர் செனோ. அந்தக் காட்சி எடுத்த மறுநாளே ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார், பிறகு எழவில்லை. எடிட்டிங்கில் போட்டுப் பார்த்தால், படகு போவது ஒரு பக்கம், மொகுபே பார்ப்பது மறு பக்கம். திரும்ப எடுக்க ஆள் இல்லை. எடிட்டர் அந்தப் படத்துண்டை எடுத்துத் திருப்பி ஒட்டினார், கண்ணாடியில் பார்ப்பது மாதிரி. பார்வை படகுப் பக்கம் வந்துவிட்டது. கூடவே மடிப்பும் மாறியது, காலும் மாறியது. "சரியா இருக்கா?" என்று கேட்டார். கிகுயே பார்த்தாள். மடிப்பைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். நான்கு விநாடி, எவன் கவனிக்கப் போகிறான் என்று நினைத்தாள். "சரி" என்றாள்.

பதினேழு பேர் கவனித்தார்கள். பதினேழு கடிதம் வந்தது. 'மொகுபே இறந்துவிட்டாரா?' என்று கேட்டு, ஒவ்வொருவர் கையெழுத்திலும். கிகுயே அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடினாள். பதில் போடவில்லை. அது அதோடு போயிருந்தாலாவது பரவாயில்லை. அடுத்து வந்த உராபே, செனோ நடந்து போகும் அந்தக் கடைசி ஷாட்டையே டேப்பில் பார்த்துப் பார்த்து மூன்று மாதம் பழகி, முதல் நாள் படப்பிடிப்பில் வலது காலை நொண்டிக்கொண்டு வந்து நின்றார். "அச்சு அசல் மொகுபே!" என்று கை தட்டினார்கள். அப்போது வாயைத் திறந்திருந்தால் கேள்வி மடிப்பில் போய் நின்றிருக்கும். கிகுயே புது நோட்டு ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில், 'நொண்டி: வலது கால்' என்று எழுதினாள். முப்பத்தொரு நோட்டிலும் அவள் எழுதிய பொய் அது ஒன்றுதான்.

அன்று பிற்பகல் உராபேயின் ஒப்பனை அறைக் கதவைத் தோளால் முட்டித் திறந்துகொண்டு உள்ளே போனாள். அறுபத்தொன்பது வயது மனிதர், தரையில் கால் நீட்டி உட்கார்ந்து கதைப் பிரதி படித்துக்கொண்டிருந்தார்.

"உராபே சான், ஒண்ணு சொல்லணும். கோவப்படாதீங்க."

"நீ இப்படி ஆரம்பிச்சா நான் ஏதோ செருப்பைத் தப்பாப் போட்டிருக்கேன்னு அர்த்தம்."

"செருப்பு இல்ல. கால்தான் தப்பு."

சொன்னாள். திருப்பி ஒட்டிய துண்டிலிருந்து நோட்டு வரைக்கும், ஒன்று விடாமல். உராபே பிரதியைத் தரையில் வைத்தார். பிறகு கேட்டார்.

"அப்ப இருபத்தேழு வருஷமா நான் நல்ல காலை நொண்டிட்டிருந்தேனா?"

"ஆமா."

"மூணு மாசம்! காமோ ஆத்தங்கரையில தினம் காலையில நொண்டிப் பழகினேன். போறவங்க வர்றவங்க பாவம்னு ஆரஞ்சு குடுத்துட்டுப் போனாங்க. அப்பவே சொல்றதுக்கென்ன உனக்கு?"

"பயமா இருந்துச்சு."

"இப்ப இல்லையா?"

"இப்பவும்தான் இருக்கு. ஆனா அவரைப் பேயாக்கப் போறாங்களே!"

உராபே இடது காலின் துணியை விலக்கினார். முட்டி உருண்டு வீங்கியிருந்தது. மேலே குளிர்ச்சிப் பட்டை மூன்று ஒட்டியிருந்தது. "பாத்துக்கோ. வலதுல நொண்டணும்னா முழுப் பாரமும் எதுல விழும்? டாக்டர் என்னைப் பாத்து, சின்ன வயசுல சுமோ மல்யுத்தம் பண்ணீங்களான்னு கேக்கறார். நீ பண்ணின வேலை இது." பிரதியைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார். "இதுல கடைசிக் காட்சி நல்லா எழுதியிருக்கான். எனக்கு இந்த வயசுல இன்னொரு தடவை இப்படி வராது. போ இங்கேருந்து. எனக்குக் கோவமா இருக்கு."

அவர் எந்தப் பக்கம் பேசுவார் என்று தெரியாமலே கிகுயே வீட்டுக்குப் போனாள். எடுத்துக்கொண்டு போக வேண்டிய நோட்டை மட்டும் பையில் வைத்தாள்.

மறுநாள் பத்து மணிக்கு மேஜையைச் சுற்றி எட்டுப் பேர். நிகழ்ச்சிக்கு விளம்பரம் தரும் பல்பொடி நிறுவனத்துக்காரர் ஒருவரும் வந்திருந்தார். உராபே இன்னும் வரவில்லை. கிகுயே எழுந்து நின்றே சொன்னாள்.

"அந்த ஷாட் திருப்பி ஒட்டினது. மடிப்பு மாறினதை நான் பாத்தேன். பாத்துட்டு சரின்னு சொன்னேன். அப்புறம் இந்த நோட்டுல பொய் எழுதினேன். மொகுபே சாகல. அது என்னோட தப்பு."

ஷிமபரா பேனாவை மூடினாள். "பொய் எழுதின நோட்டை வெச்சுக்கிட்டா இத்தனை வருஷம் எங்களை மிரட்டினீங்க? போன வருஷம் ஒரு தொப்பிக்காக அரை நாள் படப்பிடிப்பை நிறுத்தினீங்களே, ஞாபகம் இருக்கா?"

கிகுயேவுக்கு ஞாபகம் இருந்தது. இதைக் கேட்கத்தான் இருபத்தேழு வருஷம் பயந்தோம் என்று தோன்றியது, கேட்டும் ஆயிற்று. முகம் சுட்டது.

குரஹாஷிதான் நல்ல பிள்ளையாக, "பரவாயில்ல, கிகுயே சான்" என்றான். "தப்பா நடந்தா என்ன? அந்தத் தப்பு இன்னும் அழகு. நாம வெளிய சொல்ல வேண்டியதில்ல. ஆவின்னே வெச்சுக்கலாம்."

இவ்வளவு சொல்லியும் சுவரில் முட்டிக்கொண்ட மாதிரிதான். கிகுயே வாயைத் திறப்பதற்குள் கதவு இரண்டு முறை முட்டுப்பட்டுத் திறந்தது. உராபே. இடது காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார். அதில் நடிப்பு இல்லை. நாற்காலியைப் பிடித்து, முனகி, காலை நீட்டி உட்கார்ந்தார்.

"டைரக்டர், ஒரு சந்தேகம். பேய்க்குக் கால் உண்டா?"

குரஹாஷி விழித்தான்.

"சின்னப் புள்ளையக் கேட்டாலும் சொல்லும். கோடை காலத்துல மேடையில வர்ற பேயைப் பாருங்க, கோயில்ல மாட்டியிருக்கற பேய்ப் படத்தைப் பாருங்க. இடுப்புக்குக் கீழ புகைதானே? கால் ஏது? கால் இல்லாதவன் எதை நொண்டுவான்? நீங்க சொல்ற ஆவி இருபத்தேழு வருஷமா நொண்டியிருக்கு. படியேறியிருக்கு. சேத்துல மாட்டின செருப்பைத் தேடியிருக்கு."

"அது... இந்தக் காலத்துப் பார்வையில..."

"நொண்டிப் பேய்!" என்றார் பல்பொடிக்காரர். அவருக்கு அடக்க முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். டீ கொண்டுவந்த பெண் தட்டால் வாயை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான், தீர்ந்தது கதை. அந்த அறையில் சிரித்தது நாளைக்கு வீட்டுக்கு வீடு சிரிக்கும் என்பது ஷிமபராவுக்குத் தெரியாதா? கதைப் பிரதியின் கடைசி இருபது பக்கத்தை மடித்து ஓரமாக வைத்தாள்.

"விருது?" என்று மெல்லக் கேட்டாள் உராபேயிடம்.

"முட்டி வலியில எனக்கு அழுகை தானா வருது. அதுக்குக் குடுக்கச் சொல்லு."

குரஹாஷியின் காது சிவந்திருந்தது. ஆனாலும் முட்டாள் பையன் இல்லை. "சரி. ஆவி வேண்டாம். ஆனா காலுக்கு ஒரு பதில் வேணுமே? மொதல்ல இடது, அப்புறம் வலது, இப்ப இவரு இடதுல நொண்டிக்கிட்டு வர்றார். ஜனங்க என்னைத்தானே திட்டுவாங்க?"

"முகத்துக்கும் வயசுக்கும் பதில் சொல்லாதீங்க, யாரும் கேக்கல" என்றாள் கிகுயே. "காலுக்கு நான் சொல்றேன். நொண்டறவன் நல்ல கால்ல பாரத்தைப் போடுவான். நாளானா அந்த நல்ல காலும் போகும். அப்பப் பாரத்தை மறுபடி பழைய காலுக்கு மாத்துவான். உயிரோட இருக்கறவனுக்கு நடக்கறதுதான் இது. மொகுபே வைத்தியர், அவருக்கே தெரியும். யாராவது கேட்டா சொல்லிட்டுப் போறார்."

அப்படித்தான் எடுத்தார்கள். கட்டுப் போட வந்த தச்சன் கேட்பான்: "வைத்தியரே, போன தடவை வலது காலைத்தானே நொண்டினீங்க?" மொகுபே பச்சிலையை அரைத்துக்கொண்டே, "ரெண்டும் முறை போட்டுக்கிட்டு வலிக்குதுப்பா. வயசாகுதில்ல" என்பார். ஐம்பது வருஷத்தில் மொகுபே தனக்கு வயதாகிறது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கிகுயே நோட்டில் எழுதினாள். பழைய பொய்யையும் அடிக்காமல், பக்கத்திலேயே உண்மையையும் தேதியோடு எழுதினாள். ஷிமபரா அதன் பிறகு அவள் சொன்ன ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சரிபார்த்தாள். அது நியாயம்தான், ஆனாலும் எரிச்சலாக இருந்தது.

அக்டோபரில் ஸ்பெஷல் ஒளிபரப்பானது. மறுவாரம் கடிதங்கள் வந்தன. 'மொகுபேயின் கால் மாறிவிட்டது, கவனிக்க ஆளில்லையா?' என்று நாற்பத்தொரு பேர். தச்சன் கேட்டதும் மொகுபே பதில் சொன்னதும் இவர்கள் காதில் விழவே இல்லை. கிகுயே தலையில் அடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அடியில் ஒரு தபால் அட்டை இருந்தது. நடுங்கும் கையெழுத்து, மாட்சுசாகாவிலிருந்து, ஒகதா இனே என்று பெயர். அந்தப் பெயரை அவளுக்குத் தெரியும். பிஸ்கட் டின்னைத் திறந்தாள். மேலிருந்து நான்காவது கடிதம்.

அட்டையில் இப்படி இருந்தது: 'ஒரு முறை உங்களுக்கு எழுதினேன். அப்போது என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்த எபிசோடை இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம். மடிப்பைப் பார்த்துவிட்டு, மொகுபேயும் போயிட்டாரா என்றார். இல்லை என்று நானாகச் சொல்லியிருக்கலாம். தெரியாமல் சொல்லக் கூடாது என்று உங்களைக் கேட்டு எழுதினேன். பதில் வருவதற்குள் அவர் போய்விட்டார். நேற்று மொகுபே முட்டி வலிக்கிறது என்றார். அப்படியானால் அன்று சாகவில்லைதானே? இன்னொன்று. சாப்பாட்டுக் காட்சியில் தட்டில் இருந்தது விலாங்கா?'

"விலாங்காம் விலாங்கு!" என்று கிகுயே சத்தமாகவே கத்தினாள். "சாம்மா மீனுக்கும் விலாங்குக்கும் வித்தியாசம் தெரியாத ஊரா மாட்சுசாகா!" கண்ணிலிருந்து நீர் வழிந்து மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதைத் துடைக்காமலே பேனாவை எடுத்தாள். நான்கு விநாடி, எவன் கவனிக்கப் போகிறான் என்று நினைத்தாளே, ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருவர் கவனித்திருக்கிறார்.

மதியத் தபாலுக்குள் எழுதி முடித்து, அவளே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டாள். எழுதியது நீளமில்லை.

'ஒகதா இனே அவர்களுக்கு. அது சாம்மா மீன், விலாங்கு அல்ல. மொகுபே அன்று இறக்கவில்லை. படத்துண்டைத் திருப்பி ஒட்டியதால் மடிப்பு மாறியது. நான் பார்த்தேன், பார்த்தும் சரி என்று சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டுக்காரரிடம் இல்லை என்று சொல்ல வேண்டியவள் நான்தான். அவர் படத்தின் முன் விளக்கேற்றும்போது தயவுசெய்து இதைச் சொல்லிவிடுங்கள்.'